தங்கம் வண்டி மாறிய கதை

டெக்சஸ் மாநிலத்துப் பிளானோவில் என்னை என் சொந்தப் பெயரில் கூப்பிடுபவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்ற எல்லோருக்கும் நான் தங்கம் அக்கா. வயதில் சின்னவர்களுக்குத் தங்கம் ஆன்ட்டி. அப்பா அம்மா வைத்த பெயர் அதுவல்ல. பத்து வருடமாக என் காரின் நம்பர் பிளேட்டில் இருந்த வார்த்தை அது.

வாங்கிக் கொடுத்தவர் என் கணவர். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். கல்யாணமான மறுவாரத்திலிருந்தே என்னைத் தங்கம் என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தாலும் அதே தங்கம்தான், கொஞ்சம் சத்தமாக வரும். பன்னிரண்டாவது கல்யாண நாளன்று, "உனக்குத் தங்கம் வாங்கிருக்கேன்" என்று தட்டையாக ஒரு பொட்டலத்தை நீட்டினார். நெக்லஸ் செட்டாக இருக்கும் என்று நினைத்து, "இப்ப எதுக்குங்க இதெல்லாம்" என்று முறைப்படி சலித்துக்கொண்டே பிரித்தேன். உள்ளே இரண்டு அலுமினியத் தகடுகள், வண்டியின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆங்கிலத்தில் தங்கம் என்று எழுத ஏழு எழுத்து வேண்டும். டெக்சஸில் ஒரு பிளேட்டில் ஏழு எழுத்துக்கு மேல் விடமாட்டார்கள். சரியாகப் பொருந்தியது அவருக்குத் தெய்வச் செயலாகவே பட்டது.

எனக்கும் அன்று சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டியிலிருந்து யாராவது தமிழர் எட்டிப் பார்த்துச் சிரித்தால் பெருமையாக இருக்கும். நடுவில் காரை மாற்றினோம், பிளேட்டை மாற்றவில்லை. பழைய வண்டியிலிருந்து கழற்றிப் புது வண்டியில் மாட்டினோம். கல்யாணத்தின்போது கூடவே வந்த சீர்ப் பாத்திரம் மாதிரி அது எங்களோடு வந்துகொண்டே இருந்தது.

தொல்லை மெல்ல மெல்லத்தான் ஆரம்பித்தது. இங்கே ஆயிரக்கணக்கில் வெள்ளை நிற எஸ்யூவிகள் ஓடுகின்றன. ஒன்று எங்கே நிற்கிறது என்று எவனுக்கும் கவலையில்லை. என்னுடையது மட்டும் எங்கே நின்றாலும் செய்தி. "அக்கா, நேத்து லெகசி ரோட்டுப் பக்கம் உங்க வண்டியைப் பாத்தேன், ஹாரன் அடிச்சேன், நீங்க திரும்பவே இல்ல" என்று ஒருத்தி. "டாக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னுச்சே, உடம்பு சரியில்லையா?" என்று இன்னொருத்தி. ஒரு நவராத்திரிக்கு ஐந்து வீட்டு அழைப்பு வந்தது. ஐந்தாவது வீட்டுக்குப் போகத் தெம்பில்லாமல், காய்ச்சல் என்று மெசேஜ் அனுப்பிவிட்டு, பால் வாங்க இந்தியக் கடைக்குப் போனேன். வீடு திரும்புவதற்குள் அந்த அம்மாள் போன் செய்துவிட்டார். "காய்ச்சலோட கடைக்கு ஏன் போறீங்க, சொல்லிருந்தா நாங்க வாங்கிட்டு வந்திருப்போமே" என்றார். 

எனக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போகும். இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிட்டேன். கடக்க முடியாமல் போனது நீச்சல் விஷயம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நான்கு குடும்பங்களாகக் கடற்கரை விடுதிக்குப் போனோம். பெரிய நீச்சல் குளம். எல்லோரும் தண்ணீரில் கிடந்தார்கள், என் கணவர் உட்பட. நான் மட்டும் கரையில் நாற்காலி போட்டு, எல்லோருடைய போன், கண்ணாடி, துண்டுகளுக்குக் காவல் இருந்தேன். மூன்று நாளும் அதே வேலை. என் மகள் அப்போது பள்ளி முடிக்கும் நேரம். தண்ணீரிலிருந்து, "அம்மா, ஜஸ்ட் கெட் இன்!" என்று கத்தினாள். நான் சிரித்துக் கையை ஆட்டினேன். உள்ளுக்குள் அழுகையாக வந்தது. நாற்பத்தொன்பது வயதில், எனக்கு ஒன்று வேண்டும் என்று அன்றுதான் நிச்சயமாகத் தெரிந்தது.

மகள் கல்லூரிக்குப் போன பிறகு, பக்கத்து ஊரான ஆலனில், ரெக் சென்டர் என்கிற பொழுதுபோக்கு மையத்தில் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். செவ்வாய், வியாழன், காலை ஆறரை மணி. யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம்கூட. சொன்னால் மனிதர் தடுக்க மாட்டார், அதுதான் பிரச்சினை. குளக்கரையில் வந்து உட்கார்ந்து வீடியோ எடுத்து ஈரோடு வரைக்கும் அனுப்பிவிடுவார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் குமிழி விடுவதை நான்கு நாத்தனார்கள் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. அதனால், "இந்தியா டீமோட காலைல கால் இருக்குங்க, ஆபீஸ் போய் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். இந்த ஊரில் எந்த நேரத்துக்கும் பொருந்தும் ஒரே பொய் அதுதான்.

சொல்லித் தருபவள் என் மகள் வயதுப் பெண். மூன்றாவது வாரம் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். நான்காவது வாரம் பலகையை மெல்ல இழுத்துக்கொண்டாள், நான் மூழ்கவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தலை ஈரம் சொட்ட வெளியே வந்து போனைப் பார்த்தால் ஒரு மெசேஜ்: "தங்கம் அக்கா, ரெக் சென்டர்ல உங்க கார் பாத்தேன். யாருக்கு ஸ்விம்மிங் கிளாஸ்?" அனுப்பியவள் எங்கள் தெருவில் நாலாவது வீட்டுக்காரி. நல்ல மனசு. ஆனால் நூற்றெண்பது பேர் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் காலை வணக்கம் போடுபவள் அவள்தான். யாரையோ இறக்கிவிட வந்தேன் என்று மழுப்பிவிட்டு, அதன் பிறகு வகுப்புக்கே போகவில்லை. எனக்காக நான் தொடங்கிய ஒரே காரியம், ஒரு தகட்டுக்குப் பயந்து நின்றுபோனது. பிளேட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆனால் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டுமே. ஒரு சனிக்கிழமை காலை காபியோடு மெல்ல ஆரம்பித்தேன். "ஏங்க, கார் பிளேட்டை மாத்திடலாமா?"

"ஏன், துரு பிடிச்சிருச்சா?"

"இல்ல. எல்லாருக்கும் என் வண்டி தெரியுது. ஒரு இடம் போய் வர முடியல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த வார்த்தை புடிக்காம போயிருச்சா தங்கம்?"

நீச்சலைச் சொல்லியிருக்கலாம். ஈரோட்டுக்குப் போகப்போகும் வீடியோ கண்ணில் வந்தது. "வார்த்தை இல்லைங்க, வண்டியில வேண்டாம்னுதான்" என்றேன். "சரி, உன்ற வண்டி, உன்ற இஷ்டம்" என்றார். அன்று முழுவதும் என்னைத் தங்கம் என்று கூப்பிடவில்லை. "இந்தா", "இங்க பாரு" என்று சமாளித்தார். இருபத்திரண்டு வருடத்தில் நடக்காதது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் பின்வாங்கவும் மனமில்லை.

மறுநாள் அவராகவே பேச்சை எடுத்தார். சாதாரணப் பிளேட்டே போதும் என்று நான் சொன்னதற்கு ஒப்பவில்லை. "அவங்க குடுக்கற நம்பரைக் கூட்டி எட்டு வந்துருச்சுன்னா என்ன பண்றது? நம்பளே நல்லதா ஒண்ணு எடுத்துக்கலாம்." ஆபீஸில் நாள் முழுக்க எந்திரங்களை யோசிக்க வைக்கிற ஆள், வண்டி எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் சாவியைத் தொட மாட்டார். எனக்கு ஒரு யோசனை வந்தது. கல்லூரியில் என் வரிசை எண் நாற்பத்தொன்று. சிஎஸ்இ, பி செக்‌ஷன். கல்யாணத்துக்கு முன்பு எனக்கென்று மட்டும் இருந்த எண் அது. 41, பின்னால் சி, எஸ், இ, பி என்று அந்த நான்கு எழுத்து. பார்க்கிற யாருக்கும் ஒன்றும் புரியாது. அவர் விரலை மடக்கினார். "நாலும் ஒண்ணும் அஞ்சு. நல்ல நம்பர்தான். அப்ளை பண்ணு." ஆக, யாருடையது என்றே தெரியாத மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவே ஊரில் ஸ்பெஷல் பிளேட் வாங்கிய ஒரே பெண்மணி நான்தான்.

சில வாரங்களில் பிளேட் வந்தது. வண்டிகளைப் பதிவு செய்யும் கவுன்டி ஆபீஸில் போய் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை கராஜில் மாற்றினோம். பழைய திருகாணிகள் இறுகிப் போயிருந்தன. எண்ணெய் விட்டு, தட்டி, பல்லைக் கடித்துத் திருகினார். நான் டார்ச் பிடித்தேன். கழற்றிய தகடுகளைத் தூக்கிப் போடுவார் என்று நினைத்தேன். ஈரத் துணியால் எழுத்து எழுத்தாகத் துடைத்து, அலமாரியில் பெயின்ட் டப்பாக்களுக்கு மேலே நிறுத்தி வைத்தார். நான் பார்க்காதது மாதிரி விண்ட்ஷீல்டு ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு உள்ளே போனவர், சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். "புது நம்பர், பூஜை போடாம எடுக்கக் கூடாது." நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் காட்டினார். புதுப் பிளேட் இரண்டிலும் மூன்று விரலால் தாராளமாகச் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தார். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் காலையிலிருந்து முதல் தடவையாக முகம் மலர்ந்திருந்தது, "ஏறி உட்காரு தங்கம்" என்று வேறு சொன்னார். அதற்கு மேல் சந்தனத்தின் கனத்தை யார் பார்த்தார்கள்? பழங்களை நசுக்கி வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தேன். டெக்சஸ் வெயில். சாயங்காலத்துக்குள் சந்தனம் சுவர்ப்பூச்சு மாதிரி காய்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை, தலையில் ரப்பர் தொப்பியை வீட்டுத் தெரு தாண்டியதும் மாட்டிக்கொண்டு, விடுதலை பெற்றவள்போல ஓட்டிப் போனேன். இனி யாருக்கும் என்னைத் தெரியாது. ஒரு மைல் போயிருப்பேன். பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு.

ஓரம் கட்டினேன். இளைஞர், மிக மரியாதையான போலீஸ்காரர். என்னை இறங்கி வரச் சொல்லி, பின்பக்கப் பிளேட்டில் நடு எழுத்துகள் தெரியவில்லை, அது என்ன பெயின்ட்டா என்று கேட்டார். சந்தனம் என்றால் என்ன என்று நான் விளக்கினேன். புது வண்டியா என்றார். பழைய வண்டி, புது எண் என்றேன். எண்ணுக்கா பிரார்த்தனை செய்தீர்கள் என்று கேட்டபோது, ரப்பர் தொப்பியோடு நின்றிருந்த எனக்கே அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. அவர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, நல்லது, அதை இப்போதே துடைத்துவிட முடியுமா என்று கேட்டார்.

நீச்சல் துண்டை எடுத்தேன். குடிக்கிற தண்ணீரை ஊற்றி, ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்த்தேன். அது லேசில் போகிற சந்தனமா? அந்த நேரத்தில் ஒரு வண்டி வேகம் குறைந்து எங்களுக்கு முன்னால் நின்றது. நாலாவது வீட்டுக்காரி. பதறிப்போய் ஓடி வந்தாள்.

"தங்கம் அக்கா! ஆக்சிடென்ட்டா? ஐயையோ, வண்டி நம்பர் ஏன் வேறயா இருக்கு? தலையில என்னக்கா கட்டு?"

"கட்டு இல்லம்மா. ஸ்விம்மிங் தொப்பி."

"ஸ்விம்மிங்கா? நீங்களா?" என்றாள். அப்புறம் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். "சூப்பர்க்கா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். போலீஸ்காரர் இதற்கு மேல் தாங்காமல், எச்சரிக்கையோடு விட்டுவிட்டுப் போனார். அவரும் கடைசியில் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

நான் வகுப்பு முடித்துக் கரையேறுவதற்குள் குரூப்பில் நாற்பத்து மூன்று வாழ்த்துகள் வந்திருந்தன. மகளிடமிருந்து தனியாக ஒன்று: "அம்மா, வாட் இஸ் ஹேப்பனிங்?" கணவரிடமிருந்து ஒன்றுமில்லை. அவரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை அவர் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள். ஆபீஸ் போகாமல் நேராக வீட்டுக்குத் திரும்பினேன்.  ஊருக்கே தெரிந்த பிறகுதான் கட்டிய புருஷனுக்குத் தெரிந்திருக்கிறது. இதைவிட ஒரு மனிதரை எப்படி நோகடிக்க முடியும்?

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தார். "இந்தியா கால் நல்லாப் போச்சா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். விடுதிக் குளம், துண்டுக் காவல், குமிழி, மிதந்தது, ரெக் சென்டர் மெசேஜ், வகுப்பு நின்றது. "உங்க வார்த்தை மேல எனக்கு ஒண்ணும் இல்லைங்க. யாரும் பாக்காம ஒரே ஒரு விஷயம் கத்துக்கணும்னு ஆசை. அவ்வளவுதான்." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். "அந்த ஓட்டல்ல மூணு நாளும் நீ கரைலயே இருந்தியல்ல" என்றார். "நான் தண்ணிக்குள்ள கெடந்துட்டு என் கண்ணாடியை வேற உன்ற கைல குடுத்தேன்." பிறகு எழுந்து போய் எனக்குச் சூடாகக் காபி போட்டார். சந்தனம் அதிகம் வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டதே. அடுத்த வகுப்புக்கு இரண்டு பேர் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். ஒருத்தி தன் மாமியாரையும் அழைத்துவரலாமா என்றாள். எனக்கு மறுபடி கால் பின்னிழுத்தது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பினேன். கராஜ் வாசலில் அவருடைய நீலக் காரின் பின்னால் பளபளவென்று துடைத்து மாட்டியிருந்தது, தங்கம். சந்தனம் ஒரு துளிகூட இல்லை.

"என்னங்க இது?"

"கவுன்டி ஆபீஸ் போய் என்ற வண்டிக்கு மாத்திட்டேன்." ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இந்த ஊர்ல அத்தனை பேரும் தேடறது இந்தத் தகட்டத்தான். இனி என் பின்னாடி வரட்டும். நீ எங்க வேணா போயிட்டு வா."

ஆரம்பத்தில் நான் நம்பவில்லை. ஆனால் மனிதக் கண் ஒரு வார்த்தைக்குப் பழகிவிட்டால் வேறொன்றைப் பார்ப்பதில்லை போலும். வண்டி நிறம் வேறு, அளவு வேறு, ஓட்டுபவருக்கு மீசை வேறு. அப்படியும் மக்கள் அந்தப் பிளேட்டுக்கே கை ஆட்டினார்கள். என் 41 யாருடைய ஞாபகத்திலும் நிற்கவில்லை. காலை ஆறரைக்கு நான் வகுப்புக்குப் போகும்போது, அவர் தன் காரை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஏதாவது கடை வாசலில் போய் நிறுத்திக்கொள்வார். பார்க்க வருகிறேன் என்றவர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. கோயிலில் வாலிபர்கள் அவரைத் தங்கம் அங்கிள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் தடவை வெட்கப்பட்டார். இரண்டாவது தடவை திரும்பிப் பார்த்து, "சொல்லுங் தம்பி" என்றார்.

போன வியாழக்கிழமை, குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நீந்தினேன். பலகை இல்லை, நடுவில் நிற்கவில்லை. எதிர்ச் சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தால், சொல்லித் தரும் பெண்ணைத் தவிர ஒருவரும் இல்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தது. ஆனால் கிடைத்த அந்த நிமிஷம், இதை ஒரே ஒருவர் பார்த்திருக்கலாமே என்று மனசு தேடியது.

உடை மாற்றி வந்து போனை எடுத்தேன். நாலாவது வீட்டுக்காரி: "தங்கம் அக்கா, டோனட் கடை வாசல்ல உங்க கார் நிக்குது. அங்கிளுக்கு சுகர் இருக்குன்னு சொன்னீங்களே?"

வாய்விட்டுச் சிரித்தேன். எனக்காக ஊர்க் கண் முழுவதையும் தன் முதுகில் வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் டோனட் கடை வாசலில் காத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் போன் போட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நான் அவரை "ஏங்க" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"சொல்லு" என்றார். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தது காதில் விழுந்தது.

"தங்கம்" என்றேன். "அடுத்த செவ்வாய்க்கிழமை நீங்க என்கூடக் குளத்துக்கு வரணும்."

மெல்லுகிற சத்தம் நின்றது.